கேட்காத துதி: தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்களில் போற்றுதலின் வரலாறு

"ஸ்தோத்திரம்" என்ற சொல்லைக் காதில் வாங்காத மும்பைத் தமிழர் இருக்க முடியாது. தாராவியிலோ சயானிலோ ஒரு திருநெல்வேலிக் கிறிஸ்தவக் குடும்பம் பக்கத்து வீட்டில் இருந்தால் போதும். வாசலில் பார்த்தால் ஸ்தோத்திரம், பிள்ளை பரீட்சையில் தேறினால் ஸ்தோத்திரம், காய்ச்சல் விட்டால் ஸ்தோத்திரம். சில சமயம் காய்ச்சல் விடாதபோதும் ஸ்தோத்திரம்! இந்தக் கடைசி ஸ்தோத்திரம்தான் என்னைப் பல வருஷமாக யோசிக்க வைத்தது. கட்டுரைக்குக் காரணமும் அதுவே.

நான் வந்தவாசிப் பக்கத்து நயினார். பொன்னூர் மலை அடிவாரத்துக்காரன். பிழைப்பு அரிசி வியாபாரம். கல்லூரிப் படிப்பு கிடையாது. கடை சாத்திய பிறகு படித்த புத்தகங்களே எனக்கு ஆசிரியர்கள். சமணன் ஒருவனுக்குக் கிறிஸ்தவத் துதியில் என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். ஸ்தோத்திரம் என்ற சொல் எங்கள் வீட்டிலும் புழங்குகிற சொல். மானதுங்கர் அருளிய பக்தாமர ஸ்தோத்திரத்தின் 48 சுலோகங்களை என் தகப்பனார் விடியற்காலையில் பாராயணம் செய்யாமல் கஞ்சி குடிக்க மாட்டார். எங்கள் நெறியில் அன்றாடம் செய்ய வேண்டிய ஆவசியகங்கள் 6. அவற்றில் ஒன்று 24 தீர்த்தங்கரர்களையும் துதிப்பது. ஆனால் தீர்த்தங்கரர் வரம் தருவதில்லை, கோபமும் கொள்வதில்லை. துதிக்கிறவன் மனம் அந்தக் குணங்களின் பக்கம் திரும்பும், அதனால் வினை தளரும், அவ்வளவுதான். (பிள்ளைக்குக் கல்யாணம் ஆகவில்லை என்றால் நாங்களும் யட்சி அம்மனிடம் போய் நிற்கிறோம் என்பது வேறு விஷயம்!)

ஆகவே, "எதுவும் கேட்காமல் கடவுளைப் போற்றுவது" என்பதை எங்களுக்கு மட்டுமே உரிய சரக்கு என்று நான் எண்ணியிருந்த காலம் உண்டு. பக்கத்துக் கடை அண்ணாச்சி நாசரேத் ஊர்க்காரர். ஒருநாள் அவர் சொன்னார்: "சேட்டு, நாங்க ஜெபத்துல கேக்கிறது ஒரு பங்கு, நன்றி சொல்றது ஒரு பங்கு. ஆனா ஆராதனைன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அதுல கேள்வியே கிடையாது. அவரு கடவுளா இருக்காருங்கறதுக்காகவே பாடறது." (தமிழனான என்னைச் சேட்டு என்று அழைப்பதில் அண்ணாச்சிக்கு ஒரு சந்தோஷம்.) விண்ணப்பம், நன்றி, பாவ அறிக்கை, துதி என்று ஜெபத்தைப் பகுத்துப் பார்ப்பது கிறிஸ்தவ மரபு. பெற்றதற்குச் சொல்வது நன்றி. பெற்றாலும் பெறாவிட்டாலும் சொல்வது துதி. இந்தத் துதி தமிழ் வீடுகளுக்குள் எப்படி வந்தது, எந்தெந்த ராகத்தில் வந்தது, என்னென்ன சண்டைகளைத் தாண்டி வந்தது என்பதை எனக்குத் தெரிந்த மட்டில் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

மணி அடித்து வந்த துதி

முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். தமிழ் அவருக்குத் தெரியாது. இரண்டு மொழியும் அறிந்த உள்ளூர்க்காரர்களை உட்கார வைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த ஜெபம், பத்துக் கட்டளை ஆகியவற்றைத் தமிழாக்கிக்கொண்டு, மனப்பாடம் செய்து, கையில் மணியுடன் தெருத்தெருவாகப் போனார் என்பதை அவருடைய 1544-ஆம் வருஷத்துக் கடிதத்தால் அறிகிறோம். மணிச்சத்தம் கேட்டுப் பிள்ளைகள் கூடுவார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, "போய் உங்கள் தாய் தகப்பனுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுங்கள்" என்று அனுப்பிவிடுவார்.

இதை நாம் கவனிக்க வேண்டும். தமிழ்க் கிறிஸ்தவத் துதி ஆரம்பத்திலேயே பிள்ளைகள் மூலம் வீட்டுக்குள் போயிருக்கிறது. பெரியவர்கள் பிள்ளைகளிடம் கற்றார்கள். இன்று நம் வீடுகளில் செல்போனைப் பிள்ளைகளிடம் கற்கிறோமே, அந்த மாதிரி!

அவருக்குப் பின் அந்தக் கரையிலேயே வாழ்நாளைக் கழித்தவர் ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியார். தமிழ் அச்சு வரலாற்றில் முதலிடம் அவருக்கே. 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அவர் அச்சிட்ட 16 பக்க நூலுக்குப் பெயர் "தம்பிரான் வணக்கம்". அடுத்த ஆண்டே, 1579-ல், கொச்சியில் "கிரீசித்தியானி வணக்கம்" வெளிவந்தது. இந்தியாவில் ஓர் இந்திய மொழியின் எழுத்தில் அச்சான முதல் புத்தகத்தின் தலைப்பிலேயே "வணக்கம்" நிற்கிறது. உள்ளே இருப்பது ஞானோபதேசம். ஆனாலும் தலைப்பு போதனை என்று சொல்லவில்லை, வணக்கம் என்று சொல்கிறது. மீனவக் குடும்பத்தார் கையில் கொடுக்கும் புத்தகத்துக்கு எது பொருத்தமான பெயர் என்பது அந்தப் போர்த்துக்கீசியருக்குத் தெரிந்திருக்கிறது.

தச்சன் தலைவனான காப்பியம்

இத்தாலியிலிருந்து 1711-ல் தமிழகம் வந்த வீரமாமுனிவரைப் பற்றித் தமிழ்ச் சங்கத்தாருக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அங்கே எழுந்தருளியிருக்கும் மாதாவின் மேல் கலம்பகம் பாடினார். கலம்பகம் எங்களுக்கும் பழகிய வடிவம். உதீசித்தேவர் அருகக் கடவுளைப் போற்றிப் பாடிய திருக்கலம்பகம் உண்டு. ஒரே பாத்திரத்தில் அவரவர் வீட்டுப் பாயசம்!

முனிவரின் தேம்பாவணி 1726-ல் முடிந்த காப்பியம். 3 காண்டம், 36 படலம், 3615 பாட்டு. சீவகசிந்தாமணியை அவர் ஊன்றிப் படித்தவர் என்பதைத் தேம்பாவணியின் நடையே காட்டும் என்பர் அறிஞர். என் மனதைத் தொட்டது வேறொன்று. தமிழில் காப்பியத் தலைவன் என்றால் அரசன், அரசகுமாரன், குறைந்தபட்சம் கோவலனைப் போல் பெருவணிகன். தேம்பாவணியின் தலைவரோ வளன் என்கிற சூசையப்பர். உளி பிடித்து மரம் செதுக்கிச் சாப்பிட்ட தச்சர்! தினக்கூலி வாழ்க்கையிலும் கடவுளைப் போற்ற இடம் உண்டு என்பதை ஒரு காப்பியமே எழுதிச் சொன்னாற்போல் ஆயிற்று.

சிந்தாமணி பேச்சு வந்ததால் சமணர் சார்பில் ஒரு நன்றிக்கடனையும் இங்கே தீர்த்துவிடுகிறேன். உ.வே.சாமிநாதையர் சிந்தாமணி முழுவதையும் 1887-ல் பதிப்பித்ததை உலகம் அறியும். அதற்கு முன்பே, 1868-ல், அதன் முதல் பகுதியான நாமகள் இலம்பகத்தை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டவர் எச். பவர் என்ற கிறிஸ்தவப் போதகர். உடனிருந்து உதவியவர் முத்தையா பிள்ளை. இதே பவர்தான் தமிழ் வேதாகமத்தைத் திருத்திய குழுவுக்குத் தலைமை தாங்கியவர். புராட்டஸ்டண்டுத் தமிழர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாசிக்கும் வேதாகமம் அந்தக் குழுவின் உழைப்பு. கிறிஸ்தவன் துதிக்கும் தமிழைச் செப்பனிட்ட கை, அருகனைத் துதித்துத் தொடங்கும் நூலையும் அச்சேற்றியிருக்கிறது. மதச் சண்டை போடுகிறவர்கள் இதை ஒரு நிமிஷம் யோசிக்கணும்.

தரங்கம்பாடியும் கடன் சிறையும்

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, லுத்தரன் சபையின் ஜெர்மன் பாட்டுகளை அதே மெட்டில் தமிழாக்கிப் பாடவைத்தார். ஞானப்பாட்டு என்று அதற்குப் பெயர். லுத்தரன் சபையில் இசை சாதாரண விஷயம் இல்லை. பாதிரி மட்டும் பாட ஜனங்கள் கேட்பது என்றில்லாமல், சபையார் எல்லோரும் தாய்மொழியில் பாட வேண்டும் என்பது மார்ட்டின் லூதர் வகுத்த வழி. அந்த வழி தமிழ்நாட்டுக்கு வந்தபோது மொழி தமிழானது, மெட்டு மட்டும் ஜெர்மனியிலேயே நின்றுவிட்டது.

அந்தப் பாட்டுகளுக்கு நல்ல தமிழ் உடை தைத்தவர் பப்ரீசியஸ் ஐயர் (1711–1791). சென்னையில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஊழியம் செய்தவர். அவருடைய வேதாகம மொழிபெயர்ப்பைப் பொன் மொழிபெயர்ப்பு என்று லுத்தரன் சபையார் இன்றும் கொண்டாடுகிறார்கள். வியாபாரியாகிய எனக்கு அவர் வரலாற்றில் மறக்க முடியாத பகுதி வயோதிக காலம். பிறர் பணத்தை வாங்கி வட்டிக்கு விட்டு, கொடுத்த இடத்தில் திரும்பாமல், கடனாளியாகிச் சிறைக்குப் போனார். ஊருக்குத் துதி எழுதிக் கொடுத்தவர் கடன் சிறையில்! காய்ச்சல் விடாதபோதும் ஸ்தோத்திரம் என்று முதலில் சொன்னேனே, அதன் எடை இங்கேதான் தெரிகிறது. நல்ல காலத்தில் பாடிய பாட்டைக் கெட்ட காலத்திலும் பாட முடிகிறதா என்று வாழ்க்கை கேட்டுவிடுகிறது.

கடவுளைக் குறிக்கும் பெயரும் காலத்துக்குக் காலம் மாறிவந்திருக்கிறது. ஹென்றிக்கஸ் காலத்தில் தம்பிரான். அடுத்து சருவேசுரன். பப்ரீசியஸ் வழக்கில் பராபரன். பவர் குழுவின் வேதாகமத்தில் தேவன். 1995-ல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியத்தில் கடவுள். துதி ஒன்று, கூப்பிடும் பெயர் ஐந்து.

தஞ்சாவூர் சாஸ்திரியார்

ஜெர்மன் மெட்டில் நின்ற துதியைத் தஞ்சாவூர் மண்ணுக்குக் கொண்டுவந்தவர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). பாளையங்கோட்டையில் பிறந்தவர். சுவார்ட்ஸ் ஐயர் அவரைச் சிறுவயதில் தஞ்சைக்கு அழைத்துவந்து படிக்க வைத்தார். பின்னாளில் அரசரான இரண்டாம் சரபோஜி அவருக்கு இளமைத் தோழர்.

சாஸ்திரியார் செய்த நூல்களின் பெயர்களைப் பாருங்கள்: பெத்லகேம் குறவஞ்சி, ஞான நொண்டி நாடகம், ஞானத் தச்ச நாடகம், சாஸ்திரக் கும்மி, ஞான ஏற்றப்பாட்டு. குறத்தி குறி சொல்லும் பாட்டு, கும்மியடிக்கும் பாட்டு, ஏற்றம் இறைக்கிறவன் பாட்டு என்று ஜனங்கள் வேலைக்கும் வேடிக்கைக்கும் பாடுகிற வடிவங்களைப் பொறுக்கியெடுத்து அவற்றில் துதியை ஏற்றினார். கமலை ஓட்டுகிறவன் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், கிணற்று மேட்டிலேயே துதிக்கலாம் என்று ஆகிவிட்டது. பெத்லகேம் குறவஞ்சியில் சூரியனை மையமாக வைத்த புதுக் கோள் சாஸ்திரமும் பூகோளமும்கூட வருகின்றன. பள்ளிக்கூடத்தில் கற்ற புது வித்தையையும் படைத்தவனைப் போற்றப் பயன்படுத்திக்கொண்டார்.

பெருவுடையார் மேல் ஒரு குறவஞ்சி பாடும்படி சரபோஜி மன்னர் கேட்டதாகவும், சாஸ்திரியார் பணிவாக மறுத்துவிட்டதாகவும் ஒரு செய்தி வழங்கி வருகிறது. நட்பு அதனால் கெடவில்லை என்பதில் மன்னருக்கும் பெருமை உண்டு.

இத்தனை பெருமை சொன்ன பிறகு கசப்பையும் சொல்லத்தான் வேண்டும். சங்க மலர் என்பதற்காக இனிப்பை மட்டும் பரிமாறுவது வரலாறு ஆகாது. 1829-ல் தஞ்சைச் சபையில் பெரிய தகராறு மூண்டது. புதிதாக வந்த இளம் பாதிரிமார்கள் ஆராதனையில் தமிழ்ப் பாட்டையும் இசையையும் விலக்கினார்கள். பழகிய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றினார்கள். விசேஷங்களில் பூ கூடாது என்றார்கள். கூடவே, சபையில் சாதிப் பிரிவு கூடாது, எல்லோரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றார்கள். சாஸ்திரியார் இந்த நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி எதிர்த்தார். பாட்டுக்காக அவர் வாதாடியது நியாயம். சாதிக்காக வாதாடியது நியாயம் இல்லை. துதியைக் கிணற்று மேடு வரை கொண்டுபோனவர், பாய் விரித்து உட்காரும் இடத்தில் வேலி போடச் சொன்னார். எதிர்ப் பக்கத்துக்காரர்களோ, வேலியைப் பிடுங்குகிற வேகத்தில் பாட்டையும் சேர்த்துப் பிடுங்கப் பார்த்தார்கள்.

1833-ல் சாதி வேற்றுமையைச் சபையில் அடியோடு விட வேண்டும் என்று பிஷப் டேனியல் வில்சன் உத்தரவிட்டார். ஆனாலும் அந்த வேலி இன்னும் முழுசாகப் போகவில்லை என்று கிறிஸ்தவ நண்பர்களே வருத்தத்தோடு சொல்கிறார்கள். எங்கள் வீட்டிலும் உங்கள் வீட்டிலும் மட்டும் போய்விட்டதா என்ன?

மிஷன் ஆதரவு போன சாஸ்திரியாருக்குச் சரபோஜி கை கொடுத்தார். 1832-ல் மன்னரும் மறைந்தார். அதற்கப்புறம் 30 வருஷத்துக்கு மேல் சாஸ்திரியார் உயிரோடு இருந்தார், பாடிக்கொண்டேயும் இருந்தார். அவர் வழித்தோன்றல்கள் கதாகாலட்சேபமாக அந்தப் பாட்டுகளைத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவந்தார்கள்.

புத்தகமாகிக் கைக்கு வந்த கீர்த்தனை

தஞ்சாவூரில் விலக்கப்பட்ட தமிழ்ப் பாட்டுக்குத் திண்டுக்கல் பக்கத்திலிருந்து விமோசனம் வந்தது. அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர், சாஸ்திரியார் முதலானோரின் கீர்த்தனைகளைத் தொகுத்து 1853-ல் அச்சிட்டார். இராக தாளக் குறிப்போடு கூடிய கீர்த்தனைப் புத்தகம் அன்று முதல் ஆராதனைக்கும் குடும்ப ஜெபத்துக்கும் சொத்தாகிவிட்டது. ஒரு வெள்ளைக்காரர் கூட்டம் தள்ளியதை இன்னொரு வெள்ளைக்காரர் தூக்கி வைத்தார்.

இதன் பயனாகத் தமிழ்ப் புராட்டஸ்டண்டு வீடுகளில் இரண்டு பாட்டுப் புத்தகம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மேல்நாட்டு மெட்டுக்குப் பாமாலை, கர்நாடக மெட்டுக்குக் கீர்த்தனை. ஆலயத்தில் ஆர்கனுக்குப் பாமாலை. வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கீர்த்தனை. பள்ளிக்கூடம் போகாமல், கீர்த்தனைப் புத்தகத்தை வாசிக்கவே எழுத்துக் கற்ற பாட்டிமார் பலரை அண்ணாச்சி ஊரில் நானே பார்த்திருக்கிறேன்.

கத்தோலிக்க வீடுகளில் வேறொரு ஒழுங்கு. காலை, நண்பகல், மாலை என்று கோயில் மணி அடிக்கும்போது திரிகால ஜெபம். இரவில் குடும்பமாகச் செபமாலை. பூசை மட்டும் லத்தீனில் நடந்துகொண்டிருந்தது. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டு ஏட்டை நிறைவேற்றிய பிறகு பூசையும் தமிழுக்கு வந்தது. 1578-ல் வீட்டுக்குள் தமிழில் நுழைந்த வணக்கம் பீடம் வரை தமிழில் போய்ச்சேர நானூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகியிருக்கிறது!

மூன்று பெரியவர்கள்

முதலாமவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900). திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி வளர்ந்து, 1858-ல் ஞானஸ்நானம் பெற்றவர். பன்யனின் கதையைத் தழுவி அவர் செய்த இரட்சணிய யாத்திரிகம் 1894-ல் வெளிவந்தது. துதிப் பாடல்களான இரட்சணிய மனோகரம் 1899-ல். ஆழ்வார்கள் உருகிய உருக்கம் புது நாமத்தைச் சொல்லி மறுபடி உருகுவதை அதில் கேட்கலாம்.

இரண்டாமவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826–1889). கத்தோலிக்கர். பிரதாப முதலியார் சரித்திரத்தால் நமக்குத் தெரிந்தவர். 1878-ல் வந்த அவருடைய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளில் எந்த மதத்தாரும் கூசாமல் பாடக்கூடிய துதிகள் நிறைய. அதே புத்தகத்தில் உத்தியோகஸ்தர்களுக்குப் புத்தி சொல்லும் பாட்டுகளும் வரும். கோர்ட்டில் நேர்மை தவறுகிறவன் கோயிலில் பாடுவது செல்லாது என்பது அவர் கணக்கு. தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) சொந்தப் பணத்தில் கஞ்சி ஊற்றினார். பட்டினி கிடந்த ஜனங்களுக்காகப் பாடவும் செய்தார்.

மூன்றாமவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). சித்த மருத்துவம் செய்து, கோரோசனை மாத்திரை விற்றுச் சம்பாதித்த பணத்தை இசைக்குக் கொட்டியவர். வியாபாரிகள் படிக்க வேண்டிய சரித்திரம் அது. 1912-ல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் நிறுவித் தம் செலவில் இசை மாநாடுகள் நடத்தினார். 1917-ல் கருணாமிர்த சாகரம் என்ற பெருநூல் வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டு, 1916 மார்ச்சில், நமக்குப் பக்கத்திலிருக்கும் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டில் சுருதி பற்றிய தம் கொள்கையை எடுத்துரைத்தார். அவர் மகள் பாடியும் வீணை வாசித்தும் அதை மெய்ப்பித்துக் காட்டினார். கீர்த்தனை பாடிய கிறிஸ்தவ வீடு ஒன்றிலிருந்து புறப்பட்ட பெண், கெய்க்வாட் மன்னரின் நகரத்தில், வடநாட்டு வித்துவான்கள் நடுவே! வெளிமாநிலத் தமிழர் நினைத்து மகிழ வேண்டிய நாள் அது.

வெளிமாநிலம் என்றதும் இன்னொருவரையும் சேர்த்துக்கொள்கிறேன். வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா (1874–1945) திருநெல்வேலிக்காரர்கள் 1903-ல் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கத்தின் வழியே தெலுங்கு நாட்டுக்குப் போனார். 1912-ல் தோர்ணக்கல் பிஷப் ஆனார். ஆங்கிலிகன் சபையின் முதல் இந்திய பிஷப் அவர். தமிழைத் திணிக்காமல், அந்த ஜனங்களின் மெட்டிலேயே, தெலுங்கிலேயே துதிக்கும்படி ஊக்கினார். தஞ்சாவூர்ச் சண்டை கற்றுத்தந்த பாடத்தைத் தமிழர் ஒருவர் வெளிமாநிலத்தில் நடத்திக் காட்டினார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்றாடக் கணக்கில் துதி

சரித்திரம் போதும், வீட்டுக்குள் வருவோம். அண்ணாச்சி வீட்டில் விடியற்காலை ஒரு கீர்த்தனை, ஒரு வேத பாகம், ஒரு சிறு ஜெபம். கடைத் திறப்புக்கு முன் ஒரு வார்த்தை. சாப்பாட்டுக்கு முன் ஒரு வார்த்தை. இரவு மறுபடி பாட்டு. டிசம்பர் வந்தால் அவர் ஊரில் அதிகாலைப் பஜனை. பனியில் கைத்தாளத்தோடு தெருச் சுற்றி வருவார்கள். மார்கழியில் திருப்பாவை கேட்டு எழுந்த ஊர்க்காரர்களுக்கு இது ஒன்றும் புதுசு இல்லை.

அவருடைய தாயார் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவாராம். அது கடவுள் பங்கு. "அரிசி கொறைவா இருக்கிற நாளைக்கும் போடுவாங்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "அன்னைக்குத்தான் கட்டாயம் போடுவா" என்றார். அரிசி எடை போட்டே வயதான எனக்கு அந்தப் பிடியின் எடை தெரியும். சிறு கைக்கு 40 கிராம் தேறும். பசித்த வீட்டில் அது சின்ன எடை இல்லை.

அறுப்பின் பண்டிகை, ஸ்தோத்திரப் பண்டிகை என்று நடக்கும் நாட்களில் முதற்பலனைக் கொண்டுவந்து ஏலம் விடுவார்கள். முருங்கைக்காய், கோழி, கருப்பட்டி, வாழைத்தார். மும்பையில் ஒரு தமிழ்ச் சபையில் அண்ணாச்சியோடு போய்ப் பார்த்தேன். கடையில் 40 ரூபாய்க்குப் போகிற பூசணிக்காய் 600 ரூபாய்க்குப் போனது. வாங்கியவர் அதைத் திரும்பக் கொடுத்தார், மறுபடி ஏலம்! சந்தை சாஸ்திரப்படி இது முழுப் பைத்தியக்காரத்தனம். லாபத்தை எதிர்பார்க்காத ஒரு கொள்முதல் உண்டு என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். துதி என்பதை எனக்கு விளக்கியது எந்தப் பிரசங்கமும் இல்லை, அந்தப் பூசணிக்காய்தான்.

அதே சமயம், துதியே வியாபாரம் ஆகிவிடுகிற ஆபத்தும் இருக்கிறது. "இத்தனை தடவை ஸ்தோத்திரம் சொன்னால் கடன் தீரும், விசா கிடைக்கும்" என்று சொல்கிறவர்கள் பெருகிவிட்டார்கள் என்று அண்ணாச்சியே குறைப்படுகிறார். அது துதி இல்லை. முன்பணம் கொடுத்துச் சரக்கு கேட்பது. எங்களிலும் பக்தாமரத்தின் இன்ன சுலோகத்துக்கு இன்ன பலன் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறோம். எல்லா மதத்திலும் மனுஷன் மனுஷன்தான்.

நம் பிள்ளைகளிடம் போய்ச்சேருமா?

இப்போது நம் எல்லோருக்கும் பொதுவான கவலைக்கு வருகிறேன். அண்ணாச்சியின் பேத்திக்குத் தமிழ் பேச வரும், எழுத்துத் தெரியாது. கீர்த்தனையை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறாள். என் பேரன் பக்தாமரத்தை இந்தி எழுத்தில் படிக்கிறான். அவிரோதியாழ்வார் அருளிய திருநூற்றந்தாதியை எடுத்து நீட்டினால் விழிக்கிறான். குரல் இருக்கிறது, பக்தி இருக்கிறது, எழுத்து இல்லை. எழுத்து போனால் ழகரமும் ளகரமும் போகும். ழகரம் போனால் புகழுக்கும் பொருள் போகும். "புகல்" என்று பாடினால் அது வேறு சொல் ஆகிவிடுமே!

சவேரியார் காலத்தில் பிள்ளைகள் பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இப்போது நம் முறை. பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். அதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை. அவரவர் வீட்டில் அவரவர் துதி நூலிலிருந்து தினம் ஒரு பாட்டு, தமிழ் எழுத்தில், விரல் வைத்து வாசிக்கச் சொல்வோம். தேவாரமோ, பாசுரமோ, கீர்த்தனையோ, சீறாப்புராணமோ, அந்தாதியோ, எதுவானாலும் சரி. ஐந்து நிமிஷம் போதும். வருஷத்துக்கு 365 பாட்டு ஆயிற்று. தமிழ் வகுப்புக்கு அனுப்ப நேரமில்லை என்கிற பெற்றோருக்கும் இந்த ஐந்து நிமிஷம் இருக்கும்.

சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டு விழாவில் கடவுள் வாழ்த்துக்கு ஒரே பாட்டைப் பல வருஷமாகப் பாடி வருகிறோம். வரும் விழாவில் ஒரு கீர்த்தனையும், ஒரு திருநூற்றந்தாதிப் பாட்டும், ஓர் இசுலாமியத் தமிழ்ப் பாட்டும் சேர்த்து, மூன்று வீட்டுப் பிள்ளைகளை விட்டுப் பாட வைத்தால் என்ன? முன்சீப் வேதநாயகம் பிள்ளை 1878-லேயே போட்டுக் கொடுத்த பாதைதான் அது. கீர்த்தனைக்கு அண்ணாச்சியின் பேத்தி தயார், தமிழ் எழுத்தைப் பார்த்தே பாடுவாளாம், இப்போது பழகிக்கொண்டிருக்கிறாள். அந்தாதிக்கு என் பேரனைத் தயார் செய்வது என் பொறுப்பு.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!